கடற்பாசியும் எரிவாயுவும்

சாணத்தினின்றும் எரிவாயு எடுத்தலை அங்கத்தினர்கள் அறிவர். கடற்பாசியினின்றும் அவ்வாறு எடுத்தல் கூடுமா என இராமநாதபுரம் கரையோர அன்பர்கள் என்னை வினவுகின்றனர். கூடும். காற்றுப் புகாத கலத்தில், ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நுண்ணுயிர்கள் பாசியைச் செரித்து மீதேன் வாயுவை வெளியிடும். ஆயினும் எப்பாசியை இடுவது என்பதே வினா.

மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகார் ஆகின்றன. கட்டக்கோரை ஆல்ஜினேட்டு ஆகின்றது. பெண்கள் கடலில் மூழ்கிச் சேர்த்த அவற்றை அடுப்பெரிக்க இடுதல், நெய்த சேலையைக் கிழித்து விளக்குத் திரியாக்குவதை ஒக்கும். கலத்திற்கு உரியவை கரையொதுங்கி அழுகும் பாசியும், ஆலையில் எஞ்சும் சக்கையுமே.

அவற்றையும் அப்படியே இடலாகாது. உப்பு மிகின் நுண்ணுயிர்கள் தளரும். எனவே நன்னீரில் அலசிச் சாணத்துடன் கலத்தல் வேண்டும். நன்னீருக்கு வழியில்லாத ஊர் இதில் இறங்க வேண்டா. பாசியிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவாகிக் குழாயையும் அடுப்பையும் அரிக்கும். துருவேறிய இரும்புத் தூளின் வழியே செலுத்தின் அது நீங்கும். எஞ்சும் குழம்பு நல்லெரு. எனினும் உப்பின் அளவைச் சோதித்த பின்னரே வயலுக்கு இடுக.

தனிக் குடும்பத்தால் ஆகாத இப்பணி சங்கத்தால் ஆகும். ஆனால், பாசி எடுக்கும் பெண்கள் முதலில் அங்கத்தினராகட்டும். ஒதுங்கிய பாசியைச் சுமப்போர்க்குக் கூலியும், வாயுவில் பங்கும் துணைவிதியில் எழுதப்படட்டும். கலம் கட்டுவது அதன் பின்னரே முறை.