பொக்கிஷ மந்திரியும் ஒரு பெயர்ப் பட்டியலும்

பண விஷயம் தெரிந்தவனே ராஜ்ய பாரத்துக்கு ஏற்றவன் என்று ஒரு கட்சி. பண விஷயத்தில் ஊறியவன் ஜனங்களின் மனத்தை அறியான் என்று மற்றொரு கட்சி. அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகரைக் கேட்டால் முன்னதே சரியென்பார். அங்கே மாட்டை விற்றுக் கடனடைத்த குடியானவர் பின்னதையே சொல்வார். இவ்விரண்டையும் உரைத்துப் பார்க்க நமது கொங்கு நாடே ஒருவரைத் தந்தது. அவர் கோயமுத்தூர் ஸர் ஆர். கே. ஷண்முகம் செட்டியார்.

1892-இல் வணிகக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, பொருளாதார சாஸ்திரத்தில் நிகரற்ற தேர்ச்சி பெற்றவர் அவர். ஆயினும் 1932-இல், தேசபக்தர்கள் சிறைக்குச் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில், ஒட்டாவா மகாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்து, பிரிட்டிஷ் சரக்குகளுக்குச் சுங்கச் சலுகை தரும் ஒப்பந்தத்துக்குத் துணை நின்றார். இதை நாம் மறப்பதற்கில்லை. ஜனங்களும் மறக்கவில்லை, மத்திய சட்டசபையின் தலைவராயிருந்தவரை 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் தோற்கடித்தார். பிறகு 1935 முதல் 1941 வரை கொச்சி திவான் பதவி. 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மகாநாடு.

இப்படிப்பட்டவரையா சுதந்திர பாரதத்தின் முதல் நிதி மந்திரியாக்குவது என்று நம்மவர் பலர் மனம் புழுங்கியது நியாயமே. ஆனால் 1947 நவம்பர் 26-இல் அவர் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தைப் பாருங்கள். ஏழரை மாதத்துக்கு வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. துணி, நூல் ஏற்றுமதி வரியை உயர்த்தினார். கோயமுத்தூர் மில்காரர்களுக்கு அது உவப்பாயிராது. நூல் உள்நாட்டில் தங்கினால் பவானி ஜமக்காள நெசவாளிக்கு நன்மை. சொந்த ஊர்ச் செல்வரைக் குளிர்விக்க வந்தவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

நமது மதிப்பைப் பெற்ற செயல் வேறு. வருமான வரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டன. சட்டசபையில் கிளர்ச்சி எழுந்தது. 1948 ஆகஸ்டில் செட்டியார் ராஜினாமாச் செய்தார். நீக்கியது யார் பேனா என்று வாதிக்க வக்கீல்களால் முடியும். வாதித்துப் பிழைப்பவன் நான், அதனாலேயே சொல்லுகிறேன்: இலாகாவின் கதவுக்கு வெளியே பழியை நிறுத்திவிட்டு மந்திரி உள்ளே உட்கார்ந்திருப்பது சட்டப்படி சரியாகலாம், ஜனநாயகமாகாது. பத்தாண்டு கழித்து, 1958-இல், முந்த்ரா விவகாரத்தில் டி. டி. கிருஷ்ணமாச்சாரியாரும் இவ்வழியே வெளியேறினார். அவரும் சென்னை மாகாணத்தவர், வர்த்தகத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்.

ஒட்டாவாவுக்காகச் செட்டியாரைக் கண்டிப்பவர்களுடன் நாமும் நிற்கிறோம். பட்டியலுக்காக அவரை இகழ்வோர் மட்டும் பிற்பாடு நடந்ததையும் கணக்கில் கொள்ளட்டும்: 1952-இல் எந்தக் கட்சியின் நிழலுமின்றிச் சுயேச்சையாகவே அவர் சென்னைச் சட்டமன்றத்துக்குள் சென்றார். மறு வருஷம் மே மாதம் காலமானார்.