விவியன் அக்காவா, அண்ணனா?

போன மே மாத லீவில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. ரிமோட்டுக்காக அல்ல, மாம்பழக் கதுப்புக்காகவும் அல்ல. "வந்தா"வா, "வந்தான்"னா என்பதற்காக. கேட்டால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

என் அண்ணன் சார்ஜாவிலிருந்து வரும்போது பிள்ளைகளுக்கு ஸ்விட்ச் என்கிற விளையாட்டுக் கருவி வாங்கி வந்திருந்தார். டி.வி.யில் மாட்டி விளையாடுவது. அதில் பேப்பர் மரியோ என்று ஒரு கேம். காகிதத்தில் வெட்டி எடுத்த பொம்மை மாதிரி ஆட்கள், பேய் பிசாசு, மந்திரக் கதவு என்று ஒரே மாயாஜாலம். சண்டையைவிடப் பேச்சுத்தான் அதிகம். திரையில் ஆங்கிலத்தில் வசனம் ஓடும். நான் பத்தாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வசனம் போய்விடும். என் மாமியாருக்கு அதுவும் முடியாது. ஆனால் இரண்டு பேருக்கும் கதை வேண்டும். அதனால் பத்தாவது படிக்கும் என் மகள் தமிழில் சொல்லிக்கொண்டே விளையாடுவாள். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் என் அண்ணன் மகனும் லீவுக்கு வந்திருந்தான்.

அந்தக் கதையில் நிழல் பிசாசுகள் மூன்று பேர். மூத்தவள் பெல்டம், நடுவில் மேரிலின், கடைக்குட்டி விவியன். "இப்ப விவியன் வந்தா" என்றாள் மகள். "வந்தா இல்ல, வந்தான்" என்றான் அண்ணன் மகன். அவ்வளவுதான், இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் 'கேம்' என்று ஒரு சொல்லில் போய்விடும். நம் தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டுமே! அரை மணி நேரம் பார்த்துவிட்டு என் மாமியார் சொன்னார்: "ரெண்டும் வேணாம். வந்தாங்கன்னு சொல்லுங்களேன், வாய் வலிக்குதா?"

எனக்கு அதிலேயே தீர்ந்துபோன மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளைகள் விடவில்லை. இதே சண்டையை உலகம் முழுக்க இந்த விளையாட்டின் ரசிகர்கள் இருபது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

விஷயம் இதுதான். இந்த விளையாட்டை நின்டெண்டோ என்கிற ஜப்பான் கம்பெனி 2004-ல் முதலில் வெளியிட்டது. ஜப்பானிய மொழியில், "நாங்கள் மூன்று சகோதரிகள்" என்று சொல்லும்போது, பெல்டம் விவியனைப் பார்த்து, "நீ ஆம்பளைதானே" என்கிற மாதிரி குத்திக்காட்டுவாளாம். ஆங்கிலத்துக்கு மாற்றியவர்கள் அதை எடுத்துவிட்டு, விவியனை அழகில்லாதவள் என்று திட்டுகிற மாதிரி எழுதிவிட்டார்கள். இத்தாலி மொழியில் மட்டும், தான் பெண்ணாக மாறியதை விவியனே வாய்விட்டுச் சொல்லுமாம். ஒரே ஆள், மூன்று ஊரில் மூன்று விதம். பிறகு 2024 மே மாதம் அதே விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது ஆங்கிலத்திலும் விவியனே சொல்கிறாள்: தான் அவர்களுக்குத் தம்பி இல்லை, தங்கை என்று தனக்கே புரியக் கொஞ்ச காலம் ஆனதாம். அதற்கப்புறம் அக்காக்காரியின் ஏச்சு முன்னைவிட அதிகமாக வலிக்கிறதாம்.

இதை மகள் படித்துச் சொன்னபோது நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அண்ணன் மகன் கட்சி, "மூலத்துல என்ன இருக்கோ அதுதான் சரி அத்தை. மொழிபெயர்க்கிறவங்க இஷ்டத்துக்கு மாத்துனா எப்படி?" என்பது. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எடுத்ததை யாரும் எடுத்துவிட்டோம் என்று சொல்லவில்லை, மறைத்தார்கள். ஆனால் நான் கேட்டேன்: "மூலத்துல அவளை ஆம்பளைன்னு சொல்றது யாரு?" "பெல்டம்." "அவ எப்படிப்பட்டவ?" "கொடுமைக்காரி." ஒரு கொடுமைக்காரியின் வார்த்தையை வைத்தா அந்தப் பெண் யார் என்று முடிவு செய்வது? ஊரில் ஒரு மருமகள் எப்படிப்பட்டவள் என்று மாமியாரிடம் மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்களா? (என் மாமியாரும் இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பவர். அத்தை, உங்களைச் சொல்லவில்லை!) "பெல்டம் மட்டுமில்ல, பழைய விளையாட்டுல வர்ற குறிப்புலயும் அப்படித்தான் இருந்துச்சு" என்றான். இருக்கட்டும். 2004-ல் எழுதியவர்களுக்கு அது ஒரு கேலி, சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். அதே கம்பெனிதான் இருபது வருஷம் கழித்து அந்தக் கேலியால் பட்ட வலியையும் எழுதியிருக்கிறது. முதலில் எழுதினார்கள் என்பதாலேயே அதுதான் உண்மை ஆகிவிடுமா?

இது மாதிரி வேறு கேம்களிலும் உண்டாம். 1986-ல் வந்த மெட்ராய்டு என்பதில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு சுடுகிற வீரரைக் கூட வந்த புத்தகத்திலேயே 'அவன்' என்று எழுதியிருந்தார்கள். சீக்கிரமாக விளையாடி முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் கவசம் கழன்று உள்ளே இருப்பது பெண் என்று தெரியும். இது எனக்குப் பிடித்திருந்தது. செல்டா கதை இன்னும் சுவாரசியம். 1998-ல் வந்த ஒக்கரினா ஆஃப் டைம் என்கிற விளையாட்டில், கேனன்டார்ஃப் என்கிற கொடியவனிடமிருந்து தப்பி ஓடிய இளவரசி செல்டா, ஏழு வருஷம் கழித்து ஷீக் என்கிற பெயரில் வருகிறாள். முகத்தில் துணி சுற்றி, ஒரு கண் மட்டும் தெரிய, கையில் யாழ். பார்க்கிறவர்கள் இளைஞன் என்றே சொல்கிறார்கள். அது வெறும் உடையா, மந்திரத்தால் உடம்பே மாறியதா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். 2014-ல் நின்டெண்டோவின் அமெரிக்க அலுவலகத்தைச் சேர்ந்த பில் டிரினன், அது வேறு உடை போட்ட செல்டாதான், பெண்தான் என்று சொன்னார். அப்படியும் வாதம் ஓயவில்லை.

"இதென்ன பெரிய விஷயம், அர்ஜுனன் பிருகன்னளையா அஞ்ஞாத வாசம் இருக்கலையா?" என்றார் என் மாமியார். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. அர்ஜுனனுக்கு ஒரு வருஷக் கணக்கு, அது முடிந்தால் காண்டீபத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். செல்டா எப்போது வேஷத்தைக் கலைக்கிறாளோ, அந்த நிமிஷமே கேனன்டார்ஃப் அவளைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான். "ஏன் நண்பனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை, நம்பிக்கை இல்லையா?" என்று ரசிகர்கள் கேட்கிறார்களாம். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்ற பெண் ஒருத்தியைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பாள்.

சரி, விவியனுக்கு வருகிறேன். ஆணா பெண்ணா என்பதைவிட அவள் ஏன் கட்சி மாறினாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மரியோவைத் தீர்த்துக்கட்ட வைத்திருந்த வெடிகுண்டு காணாமல் போகிறது. பழி விவியன் மேல். எது தொலைந்தாலும் பழி விவியன் மேல்தான். தனியாகத் தேடச் சொல்லிவிட்டு மற்ற இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் மரியோவின் நிலைமை அதைவிட மோசம். ஒரு பிசாசு அவன் உடம்பையும் பெயரையும் திருடிக்கொண்டது. கூட இருந்த நண்பர்களெல்லாம் அந்தப் போலிதான் மரியோ என்று நம்பி அதன் பின்னால் போய்விட்டார்கள். இவன் பெயர் இல்லாத வெறும் நிழல். அப்படி இருக்கிறவன் புல்லுக்குள் கிடந்த அந்தக் குண்டைத் தேடி எடுத்து விவியனிடம் கொடுக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்தது. அவள் அவனோடு வந்துவிடுகிறாள். அவன்தான் தன் எதிரி என்று பிறகு தெரிந்து ஒரு தடவை விலகிப் போகிறாள். மறுபடி திரும்பி வந்து அவன் பக்கம் நின்று சண்டை போடுகிறாள்.

அண்ணன் மகன், "அவளுக்கு மரியோ மேல லவ்வு, அதான்" என்றான். (கோபத்தில் அவனே 'அவளுக்கு' என்று சொல்லிவிட்டான், மகள் கைதட்டினாள்!) ஆசை இருப்பது உண்மைதான், கதையிலேயே தெரிகிறது. ஆனால் அதற்காக வந்தாள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் தினமும் திட்டு வாங்குகிற ஒருத்திக்கு, தொலைந்த பொருளைத் தேட ஒருவர் கூடக் குனிந்தால் போதும். கல்யாணமான புதிதில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று காணாமல் போய் மூன்று நாள் நான் பட்ட பாட்டில், "வா, நானும் தேடறேன்" என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காவை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அதற்குப் பெயர் காதலா?

கதையின் முடிவு மகளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் விவியன் அந்த அக்காக்களோடேயே போய் வாழ்கிறாள். இனிமேல் கொடுமை செய்ய மாட்டேன் என்று பெல்டம் சொல்லிவிட்டாளாம். "எதுக்கும்மா அங்கயே திரும்பிப் போறா? சூடு சொரணை இல்லையா?" என்று மகள் கொதித்தாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. போனவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடப் பிறந்தவர்கள் ஒரு தடவை சரியான பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று எதிர்பார்க்கிறவளுக்குப் போக வேறு வீடு எது? ஆனால் பெல்டம் திருந்திவிட்டாள் என்று நான் நம்பத் தயாரில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரசிகர்கள் எல்லோரும் பெல்டத்தைப் பற்றியும் விவியனைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். நடு அக்கா மேரிலினைப் பற்றி அண்ணன் மகனிடம் கேட்டேன். "அவ சும்மா அத்தை, 'கு'ன்னு உறுமறதைத் தவிர ஒண்ணும் பேச மாட்டா" என்றான். பெரிய உடம்பு, பலசாலி. மனது வைத்திருந்தால் பெல்டத்தைத் தடுத்திருக்கலாம். கூடவே நிற்பாள், 'கு' என்பாள், அவ்வளவுதான்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. என் சித்தப்பா வீட்டுப் பிள்ளை ஒன்று. எனக்கு ஆறு வயது இளையது, என் இடுப்பிலேயே வளர்ந்தது. ஆண் பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். 2008-ல் என் கல்யாணத்துக்கு முதல் நாள், மணப்பெண் அறையில் யாரும் இல்லாத நேரம், அது என் அரக்குப் புடவையைச் சுற்றிக்கொண்டு, பூ வைத்துக் கண்ணாடி முன்னால் நின்றது. நான் உள்ளே போனபோது என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. "நல்லாருக்காக்கா?" என்று கேட்டது. எனக்குப் பின்னாலேயே பெரியவர்கள் வந்துவிட்டார்கள். அடித்த அடியில் பூவெல்லாம் தரையில். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கல்யாணப் பெண், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லோரும் கேட்டிருப்பார்கள். சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அது வீட்டைவிட்டுப் போய்விட்டது. திருநங்கை என்று நாம் இன்று சொல்கிற மரியாதையான வார்த்தை அப்போது எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வேறு வார்த்தைதான் சொன்னார்கள், அதை இங்கே எழுத மாட்டேன்.

விவியன் சொன்னதை மகள் படித்தபோது என் கை ஏன் நின்றது என்று இப்போது தெரிந்திருக்கும். நான் பெல்டம் இல்லை, அதனால் எனக்குப் பாவம் இல்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மேரிலின் என்று ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிள்ளைகள் கேம் விளையாடிக் கெட்டுப் போகிறார்கள் என்று இதே பகுதியில் சகோதரிகள் பலர் எழுதுகிறார்கள். கண் கெடுகிறது, படிப்புக் கெடுகிறது, நானும் மணி பார்த்துத்தான் விடுகிறேன். ஆனால் அந்த வசனம் மட்டும் வரவில்லையென்றால், பதினைந்து வயதுப் பெண்ணிடம் நான் இந்தக் கதையை எந்த ஜென்மத்தில் சொல்லியிருப்பேன்? கேட்டுவிட்டு அவள் என்னைத் திட்டவில்லை. "இப்ப அவங்க எங்க இருக்காங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள். வந்தாங்க, இருக்காங்க. பாட்டி சொல்லிக்கொடுத்தது ஒட்டிக்கொண்டுவிட்டது.

விசாரித்ததில் சித்தி போன் நம்பர் வைத்திருந்தார். சித்தப்பாவுக்குத் தெரியாமல் மாதம் ஒரு தடவை பேசுகிறாராம். நம்பரை வாங்கி நான்கு நாள் ஆகிறது. ஃப்ரிட்ஜ் மேல் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நம்பருக்குப் பக்கத்தில் என்ன பெயர் எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். பழைய பெயரை எழுத மனசு வரவில்லை. போன் எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

— ஒரு வாசகி