பூட்ஸ் தைத்த ஊரின் பிடிவாதம்

கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உட்காரலாம் என்ற உரிமையை வாங்கித் தந்தவர் யார் என்று கேட்டால், சார்லஸ் பிராட்லா என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் பெரிய பேச்சாளர், சட்டம் கரைத்துக் குடித்தவர், சளைக்காத வழக்காடி. ஆனால் அவருடைய பேச்சு அவையில் எடுபடவில்லை. நீதிமன்றத் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது. என் கணக்கில் அந்த உரிமையை வென்றது நார்தாம்ப்டன் என்ற தொகுதிதான். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பூட்ஸ் தைத்துப் பிழைத்த ஓர் ஊர். ‘இந்த ஆள் வேண்டாம்’ என்று அவை திருப்பி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அதே ஆளை மறுபடி அனுப்பிவைத்தது. 

ஊரைப் புனிதமாக்கிவிட வேண்டாம். 1832 தேர்தல் சீர்திருத்தத்துக்கு முன்பே, தர்மப் பணம் வாங்காத குடும்பத் தலைவர்கள் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்த அபூர்வமான தொகுதிகளில் இது ஒன்று. வாக்காளர் அதிகமானால் ஊழல் குறையும் என்று நினைப்பவர்கள் 1768 தேர்தலைப் பார்க்கலாம். ஹாலிஃபாக்ஸ், நார்தாம்ப்டன், ஸ்பென்சர் என்று சுற்றுவட்டாரத்துப் பிரபுக்கள் மூவர், இருந்த இரண்டு இடங்களுக்காக மோதினார்கள். மாளிகைக் கதவுகள் திறந்தன, சாராயம் ஆறாக ஓடியது. ஸ்பென்சர் தரப்பு மட்டும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் கொட்டியதாகச் சொல்வார்கள். ஹாலிஃபாக்ஸ் நொடித்துப்போனார். நார்தாம்ப்டன் பிரபு வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு சுவிட்சர்லாந்துக்குப் போனவர் ஊர் திரும்பவேயில்லை. ‘ஊதாரித் தேர்தல்’ என்றே அதற்குப் பெயர். நார்தாம்ப்டன் பிரபு குடும்பத்தின் செல்வாக்கு மட்டும் தேய்ந்துவிடவில்லை. 1796இல் அதே குடும்பத்து உறவினரான ஸ்பென்சர் பெர்சிவல் இங்கிருந்து உறுப்பினரானார், 1809இல் பிரதமர், 1812 மே 11 அன்று நாடாளுமன்றக் கூடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டனில் படுகொலையான ஒரே பிரதமர் அவர்தான். அவர் எப்படித் தேர்வானார், எந்தப் பிரபுவின் தயவில் வந்தார் என்று அவை என்றைக்கும் கேட்டதில்லை.

பிராட்லாவிடம்தான் கேட்டது. 1868இல் ஒரு முறை, 1874இல் இரண்டு முறை இங்கே தோற்றவர், 1880 பொதுத்தேர்தலில் ஹென்றி லபூஷேருடன் சேர்ந்து வென்றார். கடவுள் பெயரால் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். கூடாது என்றது அவைக்குழு. சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நம்பிக்கையில்லாதவன் வாயில் சத்தியம் வெறும் சத்தம், அதுவும் கூடாது என்றது அவை. இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ‘விதி விதிதான், அவர் பணிந்துபோயிருக்கலாமே’ என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. பணியத்தான் வந்தார், பணிவதற்கும் வழி விடவில்லை. 1880 ஜூனில் ஓரிரவு நாடாளுமன்ற மணிக்கூண்டுக்குள் அடைத்தார்கள். பிறகு, பின்விளைவு உன்பாடு என்ற நிபந்தனையில் உறுதிமொழி எடுக்க விட்டார்கள். அப்படி அவர் அளித்த ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் அபராதம் கோரி வழக்கு வந்தது. அவருக்கு உறுதிமொழி எடுக்கும் உரிமை இல்லை என்று 1881இல் தீர்ப்பானது. இடம் காலியானது.

இனிமேல்தான் ஊரின் வேலை. 1881 ஏப்ரல் இடைத்தேர்தலில் பிராட்லாவுக்கு 3,437 வாக்கு, எதிர்த்த கார்பெட்டுக்கு 3,305. ஆகஸ்டில் அவைக்குள் நுழைய முயன்றவரைக் காவலர்கள் இழுத்து வெளியே தள்ளினார்கள். 1882இல் சட்டைப் பையிலிருந்து சொந்தப் பைபிளை எடுத்துத் தாமே சத்தியம் செய்துகொண்டார், அவை வெளியேற்றியது, மார்ச்சில் மறுபடி வென்றார். 1883இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு கொண்டுவந்த உறுதிமொழி மசோதா மூன்றே வாக்கில் தோற்றது. 1884இல் இன்னொரு வெளியேற்றம், இன்னொரு இடைத்தேர்தல், இன்னொரு வெற்றி. முதல் இரண்டு இடைத்தேர்தல்களின் வித்தியாசம் 132, 108 என்பதைச் சுட்டிக்காட்டி, ஊரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அவரை விரும்பவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மூன்றாவதில் வித்தியாசம் 368. சலித்துப்போய் ஊர் கைவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில் அந்த எண். அதைவிட முக்கியம், 108 வாக்கில் ஜெயித்தவரின் இருக்கை 1,008 வாக்கில் ஜெயித்தவருடையதைவிட எந்த விதத்திலும் சின்னதல்ல. இவ்வளவும் நாத்திக ஊர் ஒன்று நாத்திகருக்குப் போட்ட ஓட்டு என்று ஒதுக்குவதும் பொருந்தாது. அவருக்கு வாக்களித்த தொழிலாளிகளில் பலர், அரசுத் திருச்சபையில் சேராத சிறு சபைகளுக்கு ஞாயிறுதோறும் போனவர்கள். மத நம்பிக்கையைச் சோதித்துப் பதவி தரும் சட்டம் 1828 வரை அந்தச் சபையினரைத்தான் நகராட்சிப் பதவிகளிலிருந்து விலக்கி வைத்திருந்தது.

அவைக்கு இது புதுப் பாடமும் அல்ல. அவை வெளியேற்றிய ஜான் வில்க்ஸை மிடில்செக்ஸ் தொகுதி 1769இல் மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்தபோது, 1,143 வாக்கு பெற்ற அவரை விட்டுவிட்டு 296 வாக்கு பெற்ற லட்ரலை உட்காரவைத்தது இதே அவை. 1782இல் அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்தே நீக்கியது. யூதரான லயனல் ரோத்ஸ்சைல்டை லண்டன் நகரத் தொகுதி 1847இல் தேர்ந்தெடுத்தது. 1858 வரை அவருக்கு இருக்கை இல்லை. பாடத்தை அவை பாதி கற்றிருந்தது: கார்பெட்டைப் பிராட்லாவின் இடத்தில் உட்காரவைக்கும் துணிச்சல் அதற்கு வரவில்லை. ஊரின் இரண்டு இடங்களில் ஒன்று ஏறக்குறைய ஐந்து வருடம் பயனில்லாமல் கிடந்தது. இது ஊருக்கு நஷ்டம்தானே என்றால், நஷ்டம்தான். அதைத் தெரிந்தேதான் வாக்களித்தார்கள்.

இறுதியில் முடிச்சை அவிழ்த்தவர் சபாநாயகர் ஆர்தர் பீல், வாக்காளர்கள் அல்ல என்பது வலுவான மறுப்பு. 1886 ஜனவரியில், முந்தைய நாடாளுமன்றத்தின் தீர்மானம் இந்தப் புதிய அவையைக் கட்டாது, சத்தியம் செய்ய வருபவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று அவர் எல்லோர் வாயையும் அடைத்தார். ஆனால் 1885 பொதுத்தேர்தலில் நார்தாம்ப்டன் வேறொருவரை அனுப்பியிருந்தால் பீல் எதைத் தீர்த்துவைத்திருப்பார்? 1888இல் பிராட்லாவே கொண்டுவந்த சட்டம், விரும்பியவர் உறுதிமொழி எடுக்கலாம் என்றாக்கியது. அதற்குள் அவர் ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ ஆகிவிட்டிருந்தார். 1889 பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். இந்தியச் சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். சென்னையில் 1880களில் ‘தத்துவவிவேசினி’ இதழை நடத்திய இலௌகிக சங்கத்தாருக்கு முன்மாதிரி, லண்டனில் அவர் நிறுவிய சங்கம்தான். வாக்கே இல்லாத இந்தியர்களுக்காகத் தங்கள் உறுப்பினர் பேசுகிறாரே என்று பூட்ஸ் தொழிலாளிகள் அவரைக் கைவிட்டுவிடவில்லை. இறக்கும்வரை அவரே அவர்களின் உறுப்பினராக இருந்தார்.

1891 ஜனவரி 27 அன்று, 1880இல் அவருக்கு எதிராக எழுதிய தீர்மானத்தை அவை குறிப்பேட்டிலிருந்து நீக்கியது. ஆட்சியிலிருந்தது, அவரை வெளியேற்றுவதில் முன்னால் நின்ற அதே கன்சர்வேடிவ் கட்சி. நினைவிழந்து கிடந்த பிராட்லாவுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. 30ஆம் தேதி இறந்தார். லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார். பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. நார்தாம்ப்டன் இம்முறை ஒரு பூட்ஸ் முதலாளியை, மோசஸ் பிலிப் மான்ஃபீல்டை அனுப்பியது. அவரும் லிபரல், அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்ற யூனிடேரியன்.