கதையில் முடிச்சு அவிழும்; விசாரணையில்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரி வீட்டில் பேரனோடு உட்கார்ந்து 'வைரஸ்' மலையாளப் படத்தை மறுபடியும் டி.வி.யில் பார்த்தேன். 2018இல் கோழிக்கோடு பகுதியில் பரவிய நிபா காய்ச்சலை வைத்து ஆஷிக் அபு எடுத்த படம். 2019 ஜூன் 7ஆம் தேதி வெளியானது. அதற்கு மூன்று நாள் முன்புதான் நம் எறணாகுளம் மாவட்டத்து மாணவர் ஒருவருக்கு நிபா என்று புனே ஆய்வுக்கூடம் உறுதி செய்திருந்தது. அந்த வாரம் மாம்பழம் வாங்கக்கூட நாம் தயங்கியது பலருக்கும் நினைவிருக்கும்.

பொதுவாக நாடகங்களில் டாக்டர் ரத்தம் எடுப்பார். அடுத்த காட்சியில் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். 'தசாவதாரம்' படத்தில் உப்பே கிருமியை அடக்கிவிட்டது! 'வைரஸ்' அப்படியல்ல. யார், எந்த நாளில், எந்த வார்டில், யார் அருகில் இருந்தார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கோடு போட்டு இணைக்கிறார்கள். உண்மையிலும் இதுதான் வேலை. 2019இல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இப்படித்தான் கண்காணித்தார்கள். வேறு எவருக்கும் பரவவில்லை, மாணவரும் பிழைத்தார்.

எனக்கு உடன்பாடில்லாதது படத்தின் முடிவு. முதல் நோயாளி ஒரு வௌவால் குஞ்சைக் கையில் எடுப்பதாகக் காட்டி முடிச்சை அவிழ்க்கிறார்கள். உண்மையில், கிணற்றில் பிடித்த வௌவால்களிடம் முதலில் கிருமி இல்லை. அவை பூச்சி தின்பவை. பிறகு பழந்தின்னி வௌவால்கள் சிலவற்றில் தடயம் கிடைத்தது. ஆனால் முதல் மனிதருக்கு அது எப்படி வந்தது என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

ரயில்வேயில் இருந்த எனக்கு இது புதிதல்ல. 1988 ஜூலை 8ஆம் தேதி பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. சுழற்காற்றுதான் காரணம் என்றது விசாரணை அறிக்கை. பலர் இன்றும் அதை ஏற்கவில்லை. விபத்தானாலும் நோயானாலும், தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்வதும் விசாரணையின் கடமையே.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். படம் முடிந்ததும் என் பேரன் கேட்டான்: "தாத்தா, மங்களவனத்து வௌவாலை எல்லாம் விரட்டிட்டா நிபா வராதில்லே?" விரட்டினால் அவை நாலாபுறமும் சிதறும், மிரண்ட வௌவாலிடமிருந்து கிருமி கூடுதலாக வெளிப்படலாம் என்றே வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்ற எண்ணம் மனிதர்கள் மீதும் பாயும். 2018இல் பேராம்பிரா ஆஸ்பத்திரி நர்சுகளை பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஒதுக்கியதைப் பத்திரிகைகளில் படித்தோமே!

படம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். கடிபட்ட பழத்தைத் தின்னாதே, கையைக் கழுவு, சுகாதார ஊழியர் வந்து கேட்டால் ஒளிக்காமல் சொல். முடிவு எப்படியிருந்தாலும் வீட்டுக்கு உதவும் பாடம் இவ்வளவுதான்.