நடந்தா இடுப்பு போயிடுமாம்!

மக்களே, போன வருஷம் குமார பர்வதத்துல இருந்து (1,712 மீட்டர்) இறங்கும்போது ஈரப்பாறையில வழுக்கி இடுப்பைப் பிடிச்சுக்கிச்சு. வலி போய் ஆறு மாசமாச்சு, ஓசி அட்வைஸ் மட்டும் நிக்கல. "உனக்கெதுக்குடா மலை? பேசாம பெல்ட் போட்டுக்கிட்டு படு!" சொல்றது யாரு? வீட்டுல பெரியப்பா, ஆபீஸ்ல டீம் லீட். ரிலீஸ் சமயத்துல என்னை 14 மணி நேரம் நாற்காலியில உட்கார வெச்ச புண்ணியவான் இவரேதான். நாற்காலியை மட்டும் ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க!

ஆஸ்திரேலியாவுல இடுப்பு வலி வந்து குணமான 701 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 2024-ல லான்செட்ல வந்துச்சு. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டி, படிப்படியா நடையைக் கூட்டினவங்களுக்கு வலி திரும்ப வர 208 நாள். மத்தவங்களுக்கு 112. (மீடியன்ங்க, ஆவரேஜ் இல்ல.) பெல்ட்டா? நாள்பட்ட இடுப்பு வலிக்கு அது வேணாம்னு உலக சுகாதார நிறுவனமே 2023-ல சொல்லியாச்சு.

கால் மரத்துப்போகுது, ஒண்ணுக்கு அடக்க முடியலன்னா உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க, அது வேற கேஸ்.

என் தப்பும் இருக்கு. பந்தாவா 16 கிலோ பையைத் தூக்கிட்டு, அதோட இடுப்புப் பட்டையை மாட்டவே இல்ல. மொத்த பாரமும் தோள்ல. அதுல கேமரா மட்டும் மூணு கிலோ, எடுத்த படம் பூரா வெறும் பனிமூட்டம்! இப்ப பை ஏழு கிலோ, கையில ஒரு கம்பு.

வர்ற சனிக்கிழமை மறுபடி கிளம்புறேன். பெரியப்பா, அந்த பெல்ட்டை நீங்களே வெச்சுக்குங்க.