தினைப்புனம் யார் பொறுப்பு?

குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களைக் கற்பிப்பது தமிழாசிரியர்களுக்கு எளிய வேலை. தெய்வம் முருகன், உணவு தினை, தொழில் தினைப்புனம் காத்தலும் தேனெடுத்தலும் என்று சொல்லிக்கொண்டே போகலாம், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். உதகையில் தமிழ் கற்பிக்கும் நாங்களும் இருபது ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "சார், நம்ம மலையிலே இப்ப தினை எங்கே இருக்கு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எங்களிடம் விடை இல்லை. சன்னலுக்கு வெளியே தெரிந்த சரிவு முழுதும் தேயிலையும் கேரட்டும்தான்.

அந்த மாணவர் பட்டம் பெற்று, கோவையில் எட்டாண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தந்தை நோயுற்றபின் ஊர் திரும்பினார். குடும்பத்துக்கு இருப்பது ஒரு ஏக்கர் தேயிலை, அரை ஏக்கர் காய்கறி நிலம். இரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். எங்களைப் பார்க்க வந்தபோது அவர் சொன்னது இது: "எப்படிச் செய்யணும்னு சொல்லித்தர ஆள் இருக்காங்க சார். முதல் மூணு வருஷத்தை எப்படித் தாண்டறதுன்னுதான் யாரும் சொல்லலை."

அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றித்தான் எழுத விரும்புகிறோம். உயிர்ம வேளாண்மைக்கான சான்று விதிகளின்படி, ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் தேயிலை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாறுதல் காலம். அக்காலத்தில் விளைச்சல் பெரும்பாலும் குறையும். ஆனால் முழுமையான இயற்கை விளைபொருள் என்ற பெயரோ அதற்குரிய விலையோ கிடைக்காது. இளம் விவசாயிகளுடன் கைகோர்ப்பதாகச் சொல்லும் அரசுத் துறைகளும் நிறுவனங்களும் இன்று பல. அக்கூட்டு உண்மையானதா என்பதற்கு எங்களிடம் இருப்பது ஓர் உரைகல்தான்: மாறுதல் காலத்து நட்டத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு?

இந்த மலைக்கு மாற்றம் புதிதன்று. 1819-ல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். அவர் காலத்தில் ஐரோப்பியக் காய்கறிகளும் வந்தன. உருளைக்கிழங்கு பிற்காலத்தில் இம்மலையின் பணப்பயிராயிற்று. 1961-ல் உதகையில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நூற்புழு கண்டறியப்பட்டது. மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, அதே பயிரை மீண்டும் நட்டால் விழித்தெழும் உயிர் அது. 1971-ல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை வந்தது. முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பால் நூற்புழுவைத் தாங்கும் இரகங்கள் பின்னாளில் கிடைத்தன. இடைப்பட்ட காலத்து இழப்பு விவசாயியினுடையது.

தேயிலையின் கதையும் வேறன்று. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) வாசித்தவர்களுக்கு, படகர் வாழ்வில் பணப்பயிர் நுழைந்தபோது நிலத்தோடு உறவுகளும் எப்படி மாறின என்பது நினைவிருக்கும். அந்நாவல் வருவதற்கு ஓராண்டு முன்னர்தான், 1962-ல், குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது. அது நல்ல கூட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் சோவியத் ஒன்றியம் 1991-ல் சிதறியபோது நீலகிரித் தேயிலையின் பெருஞ்சந்தை ஆட்டம் கண்டது. 1990களின் இறுதியில் விலை சரிந்தது. 2023 செப்டம்பரில் கிலோ பசுந்தேயிலைக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆலோசனை மலைக்கு வெளியிலிருந்து வந்தது. நட்டம் மலையிலேயே தங்கியது.

இப்போது வானமும் முன்போல் இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்போதைய நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் மீண்டும் 80 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை. இத்தகைய மழையில், மூடாக்கில்லாத காய்கறிச் சரிவிலிருந்து முதலில் கீழே போவது மேல்மண். சரிவைப் படிகளாக வெட்டி, குறுக்கே வரப்பிட்டு, வரப்பில் புல் வளர்க்க வேண்டும் என்பது தெரியாததன்று. உதகையிலுள்ள மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954 முதல் இத்துறையில் பணியாற்றிவருகிறது. படி வெட்டுகிற கூலி இன்று தரவேண்டும். அதன் பயன் பல ஆண்டுகள் கழித்து வரும். அரை ஏக்கர்க்காரருக்கு அந்த இடைவெளியே பெரும்பள்ளம்.

இடைவெளியை மறந்து ஆணையிட்டால் என்னவாகும் என்பதற்கு இலங்கை சான்று. 2021-ல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன; அவ்வாண்டு இறுதிக்குள் அரசே பின்வாங்கியது. 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள் நிறைந்த நீலகிரியில், அது அயல்நாட்டுச் செய்தியாகப் படவில்லை. உறவினர் வீட்டுத் துயரமாகவே கேட்டது. மாறாக, சிக்கிம் 2003-ல் தொடங்கிய மாற்றத்தை 2016-ல்தான் நிறைவுற்றதாக அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2023-ல் வெளியிட்ட உயிர்ம வேளாண்மைக் கொள்கையை நாங்கள் வரவேற்கிறோம். அது எந்த வழியில் நடக்கப்போகிறது என்பதே கேள்வி.

நல்ல முன்மாதிரி தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை 1990கள் முதல் பழங்குடி மக்களோடு பணியாற்றிவருகிறது. அவ்வுழைப்பின் தொடர்ச்சியாக 2013-ல் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் உருவாயிற்று. தேன், மிளகு, காப்பி, சிறுதானியம் ஆகியவற்றைத் தருகிற பழங்குடியினரே அதன் பங்குதாரர்கள். ஊர்களிலேயே பொருள்கள் பக்குவப்படுத்தப்படுகின்றன. 2021-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசைவிட எங்களுக்கு முக்கியமாகப் படுவது, ஒரு நிறுவனம் பிறப்பதற்கு முன்னால் கழிந்த அந்த நீண்ட பொறுமையின் காலம். மூன்று மாதப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் அதற்கு ஈடாகா.

விவசாயமும் ஒரு தொழில்தானே, இலாபம் அவருக்கென்றால் நட்டமும் அவருக்குத்தானே என்று கேட்கலாம். மலையின் மண் மலையோடு நிற்பதாயிருந்தால் இக்கேள்வி நியாயம். அது குந்தா நீர்மின் அணைகளில் வண்டலாகப் படிகிறது. இம்மலையின் ஓடைகள் பவானிக்குப் போகின்றன. மேட்டுப்பாளையம் முதல் ஈரோடு வரை அந்நீரை நம்பி வயல்களும் ஊர்களும் இருக்கின்றன. சரிவில் ஒருவர் வெட்டும் படி கீழே பல்லாயிரவருக்குக் காப்பு. அதன் செலவை அவர் ஒருவரே சுமக்க வேண்டும் என்பதுதான் அநியாயம். மாறுதல் ஆண்டுகளுக்கு ஏக்கர்க் கணக்கில் உதவித்தொகை வேண்டும். விதைக்குமுன்னே விலை பேசும் ஒப்பந்தம் வேண்டும். கோடை தோறும் நிரம்பி வழியும் உதகை விடுதிகள் மனம் வைத்தால் பின்னது நாளையே தொடங்கலாம். நிலம் இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப்பட்டாவாக இருப்பதால் கடனும் மானியமும் எட்டாத இளைஞரை, உழுகிறவர் என்ற தகுதியிலேயே ஏற்கவும் வேண்டும்.

பிறரைக் குறை சொல்லும்போது எங்கள் பங்கையும் சொல்வது முறை. 'சூழலியல் நோக்கில் குறிஞ்சித் திணை' என்ற வகையில் எத்தனையோ ஆய்வேடுகளை நாங்கள் நெறிப்படுத்தியிருக்கிறோம். அவற்றில் ஒன்றிலேனும் ஒரு கிலோ பசுந்தேயிலையின் விலை இடம்பெற்றதில்லை. மாணவரின் கேள்வி உறுத்தியதால், எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து அவருடைய காய்கறியை விதைப்புக்கு முன்பே பேசிய விலைக்கு வாங்குவதென்றும், மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகத் தருவதென்றும், விளையாவிட்டால் அதைத் திருப்பிக் கேட்பதில்லை என்றும் உடன்பட்டோம். முதல் சனவரியிலேயே உறைபனி விழுந்தது. பட்டாணியும் உருளைக்கிழங்குச் செடியும் கருகின. முன்பணத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் மறு பருவத்துக்கு ஐந்து குடும்பங்கள் விலகிக்கொண்டன. அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. நட்டத்தில் பங்கு கொள்வது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் கற்றது அப்போதுதான். அதை அவர் ஒவ்வொரு பருவத்திலும் தனியே சுமந்துவந்தார்.

இப்போது அவருக்கு இரண்டாம் ஆண்டு. காய்கறி நிலத்தின் ஓரத்தில் ஒரு பாத்தி சாமையும் விதைத்திருக்கிறார். எஞ்சிய ஏழு குடும்பங்களும் அடுத்த பருவத்துக்கான முன்பணத்தைக் கொடுத்துவிட்டன. இது ஒரு மலையைக் காத்துவிடாது என்பதை அறிவோம். ஆயினும் அரசும் கூட்டுறவும் விடுதிகளும் நுகர்வோரும் இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டால், ஊர் திரும்பும் இளைஞர்கள் மூன்றாம் ஆண்டிலும் ஊரிலேயே இருப்பார்கள்.