அலாய் வீலுக்கு ஆசிட் அபிஷேகம்

முதல்லயே சொல்லிடறேன். நான் மெக்கானிக் இல்லை, கெமிஸ்ட்ரி படிச்சவனும் இல்லை. பி.காம். முடிச்சுட்டு பேங்க்ல லோன் ஃபைல் பாக்கற ஆள். ஆனா ஒரு சொத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எப்படிக் காலி பண்றாங்கன்னு பாத்தவுடனே தெரிஞ்சுடும். சித்தூர், திருப்பதி பக்கம் கார் வீலுக்கு நடக்கறது அதேதான்.

ஊர்லேருந்து வந்த சொந்தக்காரங்களைத் திருமலைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். என்னுது செகண்ட் ஹேண்ட் வண்டி. முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் அலாய் வீல் மேல இருந்த லாக்கரை உரிச்சுட்டு, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டிருந்தார். பாக்க அழகுதான். ஆனா அது வெறும் அலுமினியம். 1974-ல திறந்த ரோட்டுல ஏறி, 1944-ல போட்ட பழைய ரோட்டுல இறங்கி வந்தா, முன் வீல் ரெண்டும் கரி பூசின மாதிரி இருக்கு. கீழ ஒரு வாட்டர் வாஷ்ல விட்டேன். பையன் லேபிள் இல்லாத பாட்டிலை எடுத்து அடிச்சான். புஸ்ஸுன்னு நுரை!

"என்னப்பா அது?"

"ஆசிட் சார். ஒரே நிமிஷம், வெள்ளி மாதிரி ஆயிடும். ஏம் காது சார்!"

ஒண்ணும் ஆகாதாம். அவன் கையில க்ளவுஸ்கூட இல்லை. பளபளன்னு ஆச்சு, ஒத்துக்கறேன். பத்தே நாள்ல மோர் சிந்திக் காஞ்ச மாதிரி வெள்ளைத் திட்டு.

விஷயம் இதுதான். அலுமினியம் காத்து பட்டவுடனே தானே ஒரு ஆக்ஸைடு தோலைப் போத்திக்கும். தடிமன் சில நானோமீட்டர்தான். அதுதான் அதோட ஃபிக்ஸட் டெபாசிட். ஏறக்குறைய பி.ஹெச். 4-லேருந்து 8.5 வரை அது தாங்கும். அதுக்குக் கீழ ஆசிட் போனாலும் கரையும், அதுக்கு மேல காஸ்டிக் சோடா போனாலும் கரையும். தோலோட சேர்ந்து கொஞ்சம் உலோகமும் போகும். நீங்க பாக்கற பளபளப்பு வட்டி இல்லை சாமி, அசலை எடுத்து செலவு பண்றீங்க! மெட்டல் பாலிஷை வாராவாரம் தேய்ச்சாலும் இதே கணக்குதான், கொஞ்சம் மெதுவா.

எங்க தூத்துக்குடியில வீலுக்கு எதிரி உப்புக்காத்து. திருப்பதி மலையடிவாரத்துல அது ஏது? இங்க எதிரி நம்ம பிரேக்குதான். அந்தக் கறுப்பு ரோட்டுப் புழுதி இல்லை. டிஸ்க்கும் பேடும் தேஞ்சு கொட்டற இரும்புத்தூள். சூடா வந்து ஒட்டி, ஈரம் பட்டதும் துருப்பிடிச்சுக் கறையாகும். அப்ப முதல் பாதுகாப்பு பாட்டில்ல இல்லை, கியர்ல இருக்கு. ஏறக்குறைய 19 கிலோமீட்டர் இறக்கத்துல பிரேக்கை அமுக்கிக்கிட்டே வராம, செகண்ட் கியர்ல இன்ஜினைப் பிடிக்க விட்டு இறங்குங்க. வீலும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீங்க.

மத்ததும் பெரிய வித்தை இல்லை. வீல் நல்லா ஆறட்டும். சூட்டுல தண்ணி அடிச்சா டிஸ்க் கோணும். வாரம் ஒருதடவை சாதா கார் ஷாம்பு, மெல்லிசான பிரஷ், அதுக்குன்னு தனி பக்கெட். போர் தண்ணியைக் காய விடாம துணியால ஒத்தி எடுங்க, இல்லைன்னா உப்பு படியும். ஒரே ஒருதடவை பாலிஷ் போட்டுட்டு உடனே வீல் சீலண்ட் பூசுங்க. சாதா மெழுகு பிரேக் சூட்டுல சீக்கிரம் போயிடும். தண்ணி முத்து முத்தா நிக்கலைன்னா மறுபடி பூசணும். இந்தப் பாடெல்லாம் வேண்டாம்னா திரும்ப கிளியர் கோட் அடிச்சிடுங்க. நான் கடைசில அதைத்தான் பண்ணினேன்.

"காசு போட்டு வாங்கின வீல், மின்ன வேண்டாமா?"ன்னு நண்பர் கேட்டார். மின்னட்டும் சார். ஆனா யார் கையில?

ஏன்னா, வீலுக்கு விக்கற மலிவான ஆசிட் பல இடத்துல ஹைட்ரோஃப்ளோரிக் வகை. கையில பட்டா முதல்ல வலிக்கக்கூட வலிக்காது. தோலுக்குள்ள இறங்கி, எலும்புல இருக்கற கால்சியத்தைத் தின்னும். நெறைய பட்டா இதயமே நின்னுடும். லேபிள் இல்லாத பாட்டில்ல என்ன இருக்குன்னு அந்தப் பையனுக்கும் தெரியாது, அவன் முதலாளிக்கும் தெரியாது. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில்ல வண்டிக்குப் பூஜை போட்டு நாலு டயர் அடியிலயும் எலுமிச்சம்பழம் வைக்கறோம், வண்டியில போறவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு. வண்டியைக் கழுவறவனுக்கு?

கடைக்காரரைத் திட்டி என்ன பண்ண? ஒரு நிமிஷத்துல வெள்ளி மாதிரி வேணும்னு நிக்கறது நாமதான். அன்னிக்கு நுரை வந்தப்பவே நிறுத்தச் சொல்லாம வேடிக்கை பார்த்தவன் நான். அடுத்த தடவை வண்டி விடும்போது ஒரே வார்த்தை சொல்லுங்க: "ஆசிட் வேண்டாம் தம்பி, ஷாம்பு போதும்." நேரமாகும்னு சொன்னா, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.